அழுகல் தேங்காய் வழக்கியல்

மளிகைக் கடையில் வாங்கிய தேங்காய், வீட்டில் உடைத்தபோது அழுகியிருப்பின் செய்யத்தக்கது யாது என்னும் வினா தமிழகத்தில் அன்றாடம் எழுவது. ஆயினும் இதற்கெனத் தனிநூல் இல்லை. மிக்ஸி மோட்டார் புகைந்தால் ரசீது உண்டு, உத்தரவாத அட்டை உண்டு, அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் உண்டு. தேங்காய்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. வாய்மொழியாகவே நடந்துவரும் இவ்வழக்கை ஏட்டில் ஏற்றுதல் இவ்வுரையின் நோக்கம்.

தேங்காயின் சிக்கல் அதன் ஓட்டில் தொடங்குகிறது. கத்தரிக்காய்க்குள் புழு இருந்தால் ஓட்டை காட்டிக்கொடுத்துவிடும். தர்பூசணிக்காரர் முக்கோணமாக ஒரு கீற்றுக் கீறிச் சிவப்பைக் காட்டுவார். தேங்காயிலோ, குறையைக் காண வேண்டுமானால் பண்டத்தையே உடைத்தாக வேண்டும். உடைத்த பண்டத்தை எவரும் வாங்கார். ஆகவே வாங்குவோர் கண்ணை விட்டுக் காதை நம்பினர். இதில் இரு நெறிகள் உள.

தட்டல் நெறியார், காயை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி, முட்டியால் இருமுறை தட்டுவர். ஓசை கேட்டதும் தலையை மெல்ல ஆட்டி அதைக் கீழே வைத்து, வேறொன்றை எடுப்பர். எந்த ஓசைக்கு என்ன பொருள் என்று இந்நெறியாருள் ஒருவரைக் கேட்டாலும் விடை வருவதில்லை. எனின் தட்டுவது எற்றுக்கு? கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு என்க. தட்டாமல் வாங்குபவர் ஏமாளி என்பது கடைத்தெருவின் துணிபு. குலுக்கல் நெறியார் காதோரம் வைத்து ஆட்டித் தண்ணீர் அலம்புவதைக் கேட்பர். இது சற்று அறிவுடைய நெறி. தண்ணீர் இருக்கிறதெனில் ஓட்டில் விரிசல் கண்டு அது கசிந்து போகவில்லை என்றாவது தெரிகிறது. அந்தத் தண்ணீர் நாறுமா நாறாதா என்பதைக் காது சொல்லாது.

உண்மையான தடயம் வேறிடத்தில் உளது. தேங்காய்க்குக் கண் மூன்று. அவற்றுள் ஒன்று மட்டும் மெல்லியது. முளை வெளிவருவது அதன் வழியே. முளை வெளிவரும் வழியே பூஞ்சை உட்புகும் வழியும் ஆதலின், மட்டை உரிப்பவர் கண்களை மூடினாற்போலக் குடுமியை விட்டு உரிக்கிறார். எனவே காயின் தரத்தை அறியக் குடுமியை நீக்கிக் கண்ணைப் பார்க்க வேண்டும். குடுமியை நீக்கினால் காய் கெடும். "குடுமியப் பிய்க்காதீங்கக்கா, அப்புறம் ஒருத்தரும் அதைத் தொட மாட்டாங்க" என்று கடைக்காரர் தடையுத்தரவு போடுவதும் இதனால்தான். அவர் சொல்வதும் நியாயமே.

இனிக் குறைகளின் வகை. கறுத்து, கொழகொழத்து, உடைத்த மாத்திரத்தில் அடுக்களையை விட்டு எல்லாரையும் வெளியேற்றுவது முழு அழுகல். இதில் வழக்கே இல்லை. காயை நீட்டினால் போதும். பார்வைக்கு வெளுப்பாயிருந்து நாவில் காறுவது இரண்டாம் வகை. இங்குதான் வழக்கு வலுக்கும், ஏனெனில் கடைக்காரர் ஒரு சில்லைப் பெயர்த்து வாயில் போட்டு, முகம் மாறாமல் மென்று, "நல்லாத்தானே இருக்கு" என்பார். உள்ளே வற்றிக் கொப்பரையானது குறையா எனின், எண்ணெய்க்கு ஆகும், துவையலுக்கு ஆகாது என இருதிறத்தாரும் ஒப்புவர். இளசாயிருப்பது குறையன்று, ஏமாற்றம். முளைவிட்ட காயின் நிலைதான் விசித்திரம். உள்ளிருந்த பூவை முன்பு வீட்டுப் பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்றனர். பெரியவர்கள் காய் வீணாயிற்று என்று முணுமுணுத்தனர். இன்று அதே தேங்காய்ப் பூவைச் சாலையோரத்தில் தள்ளுவண்டியில் அடுக்கி, முழுத் தேங்காயை விட அதிக விலைக்கு விற்கிறார்கள். குறை எனப்பட்டதே சரக்காகிவிட்ட இடத்தில் யார் யார்மீது வழக்குத் தொடுப்பது?

சான்றுச் சட்டம் கடுமையானது. இரு மூடிகளும் வர வேண்டும். துருவிய பின் வழக்கில்லை. ஒரு மூடியைச் சட்னிக்கு அரைத்துவிட்டு மறு மூடியைக் கொண்டுவந்து முழுக் காய் கேட்போர் உளர். கண்ணுள்ள மூடியே முதலில் கெடும், ஆதலின் ஒன்று நன்றாயிருந்து மற்றொன்று கெட்டிருத்தல் கூடும் என்பது அவர்தம் வாதம். அறிவியலுக்கு ஒக்கும், கடைக்கு ஒவ்வாது. இவர்களுக்கு அரை மூடிதான் தர வேண்டும் என்பது கடைக்காரர் கட்சி. அரை மூடி தந்தால் மிச்ச மூடியை அவர் யாரிடம் விற்பது என்பதற்கு விடையில்லாமையால், முழுக் காயே கைமாறுகிறது. அது தீர்ப்பன்று, சலிப்பு.

வழக்குரைஞராக அனுப்பப்படுவது பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டி. மஞ்சப்பையில் இரு மூடிகள். பையை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி வருகை.

"அண்ணாச்சி, இது அழுகலாம். அம்மா மாத்தி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அண்ணாச்சி பொட்டலம் மடிப்பதை நிறுத்துவதில்லை. "என்னைக்குடே வாங்குனீங்க?"

"வெள்ளிக்கெழம."

"இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன்."

வழக்கு இத்துடன் தோற்றது. குறுக்கு விசாரணையில் பொய் சொல்லத் தெரியாதவரை வழக்காட அனுப்பலாகாது. பையனைத் திருப்பி அனுப்பிய பின், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தாய் நேரில் வருவது மேல்முறையீடு. அங்கே அண்ணாச்சியின் எதிர்வாதங்கள் வரிசையாக வரும். ஒன்று, இது நம் கடைக் காயே இல்லை. நாம் போடுவது பொள்ளாச்சி, இது பேராவூரணி. இரண்டு, குடுமியை யார் பிய்த்தது? மூன்று, "உள்ள பூந்தா பாக்க முடியும் யக்கா?" இவை எடுபடாவிடில் நான்காவது: "சாமிக்கு ஒடச்சதா? அப்ப திருஷ்டி கழிஞ்சிதுன்னு வச்சுக்கிடுங்க." குறையுள்ள சரக்கை விற்றவரே, அக்குறையால் வாங்கியவருக்கு நன்மை செய்துவிட்டதாக வாதிடும் இடம் உலக வணிகச் சட்டத்தில் வேறெங்கேனும் உண்டா என்பது ஐயம்.

இவ்வழக்கின் தொன்மை சிறிதன்று. கி.மு. 1750ஐ ஒட்டிய காலத்தில், இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த ஊர் என்னும் நகரில், ஏயா-நாசிர் என்றொரு செம்பு வணிகர் இருந்தார். அவரிடம் சரக்கு வாங்கிய நன்னி என்பவர் களிமண் பலகையில் ஆப்பெழுத்தால் எழுதிய புகார், இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது, உயரம் 11.6 சென்டிமீட்டர். செம்புப் பாளம் மட்டம் என்பது அதில் ஒரு குறை. நன்னிக்கு அதைவிட எரிச்சல் மூட்டியது, தாம் அனுப்பிய ஆளிடம் வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ என்ற தோரணையில் ஏயா-நாசிர் பேசியதும், பகைவர் நாட்டைக் கடந்து போன தூதரை வெறுங்கையாய்த் திருப்பியதும். இனி என் முற்றத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் எடுப்பேன், பிடிக்காததைத் தள்ளுவேன் என்று முடிக்கிறார். பொறுக்கி எடுத்தலும், அனுப்பிய ஆளை அவமதித்தலும், மேல்முறையீடும் அன்றே இருந்தமை இதனால் போதரும். நம் தாய்மாரும் இதையே சொல்கிறார்கள்: "காய் போனா போகுது அண்ணாச்சி, புள்ளைகிட்ட நீங்க பேசின பேச்சுதான்..." இவ்வழக்குகளில் பண்டம் வெறும் காரணம். மனிதர் சண்டைக்கு வருவது முகத்துக்காக.

எழுதப்பட்ட சட்டம் தேங்காய்க்கு உதவாதோ எனின், தாராளமாக உதவும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள சரக்கை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று கல்லாவின் மேல் தொங்கும் பலகைக்கு, அழுகலைப் பொறுத்தவரை, பலகையின் மதிப்புத்தான். வழக்கறிஞர் வேண்டியதில்லை, தாமே வாதிடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் இல்லை. தேங்காய் அவ்வரம்பை இன்னும் எட்டவில்லை. இரண்டாண்டுக்குள் தொடுத்தால் போதும். வீட்டுச் சட்னிக்கு வாங்கியவர் நுகர்வோர். பெரிய ஓட்டல் சட்னிக்கு வாங்கியவர் அல்லர். கையேந்தி பவன்காரர், தம் பிழைப்புக்குத் தாமே உழைப்பவராதலின், நுகர்வோரே.

இடர் ஒன்றுதான். குறையைப் பரிசோதனையின்றி அறிய இயலாதெனில், நுகர்வோர் ஆணையம் பொருளின் மாதிரியை வாங்கி, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கைக்கு 45 நாள் அவகாசம். ஏற்கெனவே அழுகிய தேங்காயை மேலும் 45 நாள் முத்திரையிட்டு வைத்தால் ஆய்வாளர் என்ன கண்டறிவார் என்பதை இங்கு விரிக்கப்புகின் பெருகும். ஆய்வுச் செலவை முறையீட்டாளர் முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்பதைப் படித்த இடத்தில்தான் பலரும் அண்ணாச்சியிடமே திரும்பிவிடுகிறார்கள்.

எஞ்சியது பரிகாரம். மாற்றுக் காயை அங்கேயே, இருவர் முன்னிலையில், அண்ணாச்சி அரிவாளின் முதுகால் உடைப்பது மரபு. பணமாகத் திருப்பிக் கேட்டல் மரபன்று. கேட்டால் அண்ணாச்சி பேசாமல் கல்லாவைத் திறந்து காசை எண்ணி வைப்பார். வாடிக்கை அறுந்ததென்பது இருவருக்கும் விளங்கும். மாதக் கணக்கு நோட்டில் மறுநாளிலிருந்து கடன் ஏறாது. அதனால்தான் இரண்டாவது காயும் அழுகலாய் வந்து, தாய்க்கும் அண்ணாச்சிக்கும் நடுவே நாற்றம் பரவி நிற்கும் கட்டத்தில்கூட, காசு என்ற பேச்சு எழுவதில்லை. மூன்றாவது காயும் கேட்கப்படுவதில்லை.

"சரி, கால் கிலோ பொட்டுக்கடலை போடுங்க. அதையே அரைச்சுக்கறேன்."

அண்ணாச்சி எடை கொஞ்சம் கூடவே போட்டு, கேட்காமலே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் திணிக்கிறார்.

"நோட்டுல எழுதிக்கிடவா யக்கா?"

"எழுதிக்குங்க. தேங்காயை அடிச்சிருங்க."