பிக்கப் மாற்றமும் பாடு முறையும்: ஓர் ஆய்வு முன்னுரை

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் நாதம் உயரும் என்பது தொன்றுதொட்டு வரும் கொள்கை. தொன்று எனில் 1930கள். அதற்கு முந்தைய சான்றுகளைக் கடல் கொண்டது. கடல் எதைக் கொண்டாலும் ஆய்வாளருக்கு லாபமே.

காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினால் பிக்கப். எஃகுத் தந்தி அதன்மேல் அதிர, காயிலில் மின்சாரம் பிறக்கும். பிக்கப் இருவகைப்படும் என்ப. சிங்கிள் காயில் இரையும். ஹம்பக்கர் இரையாது, எதிரெதிரான இரு காயில்கள் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று விழுங்கிவிடும். இதற்கு கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமை கோரினார்; 1959இல்தான் கிடைத்தது. இடைக்காலத்தில் 'விண்ணப்பித்துள்ளோம்' என்று சீட்டு ஒட்டி விற்ற பிக்கப்புக்கே இன்று அதிகக் கிராக்கி. ஆய்வேட்டைக் கொடுத்த கையோடு முனைவர் என்று போட்டுக்கொள்வோர் ஊக்கம் பெறுக.

 

மின் இணைப்பிலிருந்து வரும் மேற்படி இரைச்சல் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம்மூரில் 50. இது குற்றமா, சுருதியா? சுருதிகள் 24 என்று நிறுவ ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலையே எழுதினார். 22 என்போர் இன்னும் ஓயவில்லை. இரைச்சலையும் சேர்த்து 25 என முன்மொழிகிறேன். மறுப்போர் ஆயிரம் பக்கத்துக்குக் குறையாமல் மறுக்கவும்.

இனி முதன்மைப் பொருள். 1954இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் மூன்று பிக்கப், மூன்று நிலைச் சுவிட்ச். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஒலிக்கும். பழவேற்காடு ஏரியில் யார் எங்கே எப்போது வலை விடுவது என முறைவைக்கும் பாடு வழக்கமும் இதுவே. ஆகவே லியோ ஃபெண்டர் ஏரிக்கரை ஊரான தோணிரேவுக்கு வந்திருக்கிறார். வந்ததற்குச் சான்றில்லை, வராததற்கு மட்டும் இருக்கிறதா? (காண்க: ஏரிக்கரை ஏடு, நண்டு கடித்த ஓலை, வரி 5.) 17ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்களே குறித்துக்கொண்டு போனார்கள் என்பாரும் உளர். (மேற்படி ஓலை, வரி 6. இதை நண்டு முழுதாகத் தின்றுவிட்டதால் மறுக்க இயலாது. தின்றது களி நண்டா நீல நண்டா என்பதில் இரு பள்ளிகள் உண்டு. நீல நண்டுப் பள்ளியார் ஓலையை இன்னும் பார்க்கவில்லை, ஆனால் மூன்று கருத்தரங்குகள் நடத்திவிட்டனர்.)

பின்னர் கிட்டார்காரர்கள் சுவிட்சை இரு நிலைகளுக்கு நடுவே சிக்கவைத்து, இரண்டு பிக்கப்பை ஒருசேர ஒலிக்கவிட்டனர். ஏரியில் ஒருவர் முறைக்கு இன்னொருவரும் வலையோடு இறங்கினால் ஊர் கூடிவிடும். ஃபெண்டர் நிறுவனமோ 1977இல் ஐந்து நிலைச் சுவிட்ச் வைத்து அத்துமீறலுக்குப் பட்டா கொடுத்துவிட்டது.

செய்முறை எளிது. தந்திகளைக் கழற்றி, பழைய பிக்கப்பின் ஒயரை ஈயம் உருக்கி விடுவித்து, புதியதைப் பற்றவைக்க வேண்டும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட் (ஒலியளவுக் குமிழ்), ஹம்பக்கருக்கு 500 என்பது பெருவழக்கு. பிறகு புதுத் தந்தி. வாசித்தால் நாதம் உயர்ந்திருக்கும். தோணிரேவில் மிகவே உயர்ந்திருக்கும், ஏனெனில் பழைய தந்தி உப்புக்காற்றில் துருவேறிச் செத்துக் கிடந்தது. அப்படியானால் சில நூறு ரூபாய்த் தந்தியை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கலாமே என்று வாய்மொழித் தேர்வில் யாரேனும் கேட்கக்கூடும். அப்படிப் பார்த்தால் ஆய்வு ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். எனவே தந்தி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.