ஊர் மாறிவிட்டதா?

கேள்வி: தன்பாலின ஈர்ப்பாளர்களை நிஜமாகவே ஏற்றுக்கொள்கிறோமா, இல்லை எல்லாம் சென்னைப் பேச்சுதானா? (பெயர் போட வேண்டாம்.)
– வாசகி, செய்யார்

பதில்: ‘பெயர் போட வேண்டாம்’ என்கிறீர்களே, செய்யார் நிலவரம் புரிந்துவிட்டது!

சட்டம் கொஞ்சம் முன்னே போய்விட்டது. தன்பாலின உறவை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ‘குற்றமில்லை’ என்றது; 2013-ல் உச்ச நீதிமன்றம் ‘குற்றம்தான்’ என்றது; 2018 செப்டம்பர் 6-ல் அதே உச்ச நீதிமன்றம் ‘இல்லவே இல்லை’ என்றது. அதைக் குற்றமாக்கியது, 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. இங்கிலாந்திலேயே 1967-ல் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். நாம்தான் இன்னும் அரை நூற்றாண்டு கட்டிக் காத்தோம்.

மனசு மாறுவது வேறு கதை. 2021-ல் பெற்றோர் தரப்பு நெருக்கடியிலிருந்து பாதுகாப்புக் கேட்டு இரண்டு பெண்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுசாகப் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் முன் மாணவராகப் போய் உட்கார்ந்தார். பிறகுதான் ‘குணப்படுத்துகிறோம்’ என்று கிளம்புகிற சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். நம் சித்தப்பா, பெரியப்பாக்களுக்கும் அப்படி ஒரு வகுப்பு தேவை.

2023-ல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை மட்டும் நாடாளுமன்றத்தின் பக்கம் தள்ளிவிட்டது. அங்கே யாராவது பட்டு நெய்கிற ஆரணிக்காரர்களைக் கேட்கட்டும்: இரண்டு மணப்பெண் என்றால் முகூர்த்தப் பட்டும் இரண்டு!