சாக்ஸ், சட்டை, ஒரு துப்பாக்கி

நாடு முழுக்க சைக்கிளில் போகப்போகிறேன் என்று இன்று யாராவது அறிவித்தால், அடுத்த ஆறு மாதம் அவர் சைக்கிள் பக்கமே போகமாட்டார். எக்ஸெல் ஷீட் போடுவார். டென்ட் எத்தனை கிராம், பவர்பேங்க் எத்தனை கிராம் என்று தராசில் வைத்துப் பார்ப்பார். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பார், டி-ஷர்ட் அச்சடிப்பார். கடைசியில் ஆபீஸில் லீவு கிடைக்காது.

தாமஸ் ஸ்டீவன்ஸுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. இங்கிலாந்தில் பிறந்து, பிழைக்க அமெரிக்கா போய், கொலராடோவில் சுரங்க வேலை பார்த்த ஆசாமி. அமெரிக்காவைக் குறுக்கே சைக்கிளில் கடந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1884 ஏப்ரல் 22, காலை எட்டு மணிக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியும்விட்டார். லக்கேஜ்? சாக்ஸ், மாற்றுச் சட்டை, ஒரு மழைக்கோட்டு. ராத்திரியில் அந்தக் கோட்டுதான் கூடாரம், அதுதான் படுக்கை. அப்புறம் ஒரு கைத்துப்பாக்கி. பஞ்சர் ஒட்டும் சாமான் எங்கே என்கிறீர்களா? டயரில் காற்றே கிடையாது சார், கெட்டி ரப்பர்!

வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்சக்கரம் 50 அங்குலம். பின்சக்கரம் ஏதோ பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருப்பதால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வில்லை. ஏற வேண்டுமானால் வண்டியோடு கூடவே ஓடி, பின்னால் இருக்கும் சின்னப் படியில் ஒரு காலை வைத்துத் தாவ வேண்டும். அது சுலபம். இறங்குவதில்தான் சிக்கல். சக்கரம் ஒரு கல்லில் முட்டினால் போதும், மொத்த வண்டியும் அச்சைச் சுற்றி முன்பக்கம் கவிழும். கால் இரண்டும் ஹேண்டில்பாருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருப்பதால் முகம்தான் முதலில் தரை தொடும். அந்தக் காலத்து வீரர்கள் இதற்கும் ஒரு உபாயம் கண்டார்கள்: இறக்கத்தில் இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்வது. விழுவது நிச்சயம், காலால் விழலாமே என்ற நல்லெண்ணம்!

இப்படிப்பட்ட வாகனத்தில் அவர் முதலில் ஏறத் தீர்மானித்தது சியரா நெவாடா மலை. ஏப்ரல் மாதம், மேலே பனி. சாலை மூடிக் கிடந்தது. ஆனால் 1869இலேயே ரயில் பாதை போட்டாகிவிட்டது. பனி விழாமலிருக்க அதன் மேல் பல மைல் நீளத்துக்கு மரக்கூரையும் கட்டியிருந்தார்கள். நம்ம ஆள் அந்த இருட்டுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ரயில் வந்தால் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார். ஒரு பாலத்தில் நட்டநடுவில் ரயில் வந்துவிட்டது. கட்டையின் ஓரத்துக்கு ஒதுங்கி, சைக்கிளை ஒரு கையால் பள்ளத்துக்கு மேலே தொங்கவிட்டபடி நின்றார். கையை விட்டிருந்தால் பயணம் சுகமாக முடிந்திருக்கும். விடவில்லை! இத்தனைக்கும் அதே ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தால் ஒரு வாரத்தில் அக்கரை சேர்ந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். 3,700 மைல், அதாவது ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். மழைக்கு ஒதுங்கியதையும் சேர்த்து 103 நாளும் ஒரு அரை நாளும். அந்த அரை நாளை விடாமல் கணக்கில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. வழியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே மனுஷர் நடந்துதான் வந்தார். சென்னையிலிருந்து டெல்லி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனவரை நாம் என்ன சொல்வோம்? அமெரிக்கா சாதனையாளர் என்றது.

சைக்கிள் கம்பெனி முதலாளி ஆல்பர்ட் போப்புக்கோ வாயெல்லாம் பல். ஸ்டீவன்ஸ் ஓட்டியது அவருடைய கொலம்பியா வண்டி. ஸ்டீவன்ஸ் எழுத ஆரம்பித்த 'அவுட்டிங்' பத்திரிகையும் போப்பின் ஆதரவில் வளர்ந்ததுதான். இன்ஃப்ளூயன்ஸர் மார்க்கெட்டிங்கை நேற்று கண்டுபிடித்ததாக நினைக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரவும்.

புகழ் ருசி கண்டவர் சும்மா இருப்பாரா? உலகத்தையே சுற்றிவிடலாம் என்று 1885இல் லிவர்பூலிலிருந்து கிளம்பினார். துருக்கியில் ஊருக்கு ஊர் ஜனங்கள் மறித்து, ஓட்டிக் காட்டு என்றார்கள். பாரசீகத்தில் மன்னர் நாசிருத்தீன் ஷாவே ஓட்டிக் காட்டச் சொன்னார். தெருப்பையனுக்கும் மன்னருக்கும் கேட்க ஒரே விண்ணப்பம்தான். ஆப்கானிஸ்தான்காரர்கள் மட்டும் மயங்கவில்லை. பிடித்து, வந்த வழியே அனுப்பிவிட்டார்கள். விசா என்ற சங்கதியை அந்தத் திட்டத்தில் யாரும் எழுதவில்லை போலிருக்கிறது. பெரிய சுற்றுச் சுற்றி, கப்பலேறி இந்தியா வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் ஓட்டினார். சீனா, ஜப்பான் பார்த்து, 1886 டிசம்பர் 17இல் யோகோஹாமாவில் முடித்தார்.

அவர் துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் இடையே உருண்டு விழுந்துகொண்டிருந்த அதே 1885இல், இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் என்ற வண்டியை விற்பனைக்கு விட்டார். கிட்டத்தட்ட ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் செயின், குதித்தால் கால் தரையில். நாம் இன்று ஓட்டுவது அதன் வம்சம்தான். ஸ்டீவன்ஸ் உலகம் சுற்றி விளம்பரம் செய்த ஒற்றைப் பெருஞ்சக்கரத்தைச் சில வருஷத்தில் சீந்துவாரில்லை.

ஆனாலும் அமெரிக்காவை சைக்கிளில் குறுக்கே கடந்த முதல் ஆள் என்ற பட்டம் இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கிறது. நடந்த தூரத்தை யாரும் கழிக்கவில்லை.