கேட்டுவிட்டுச் சாப்பிடுவோம்

கேள்வி: எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று பலகை தொங்குகிறது. அது போதாதா? – பிடோக் வாசகி

பதில்: என்ன இல்லை என்று அந்தப் பலகை சொல்கிறது, அக்கா. என்ன இருக்கிறது என்று சொல்லவில்லையே! கோழியை பிஸ்மி (இறைவன் பெயர்) சொல்லி அறுத்தார்களா? வாணலியில் வாசனைக்கு ஊற்றியது வெறும் சோயாவா, சீனச் சமையல் மதுவா? ஜப்பானியக் கடையென்றால் மிரின் இருக்கலாம், அதுவும் மதுதான். சிங்கப்பூரில் 1978 முதல் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் ஹலால் சான்றிதழ் கொடுத்துவருகிறது. அதை அந்தந்தக் கிளைக்குத் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். ஆர்ச்சர்டு கிளையில் பார்த்த சான்றிதழை நம்பி ஜூரோங் கிளையில் உட்கார்ந்துவிடாதீர்கள். முத்திரையைப் பொய்யாக மாட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே செல்லுபடியாகும் சான்றிதழ் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். பலகை மட்டும் இருந்தால் வாயைத் திறந்து கேளுங்கள்.

கேள்வி: சான்றிதழ் வாங்காத முஸ்லிம் கடைக்குப் போகலாமா? – ஈசூன் வாசகர்

பதில்: தாராளமாக. சான்றிதழ் வாங்குவது கட்டாயமில்லை, வாங்காத சின்னக் கடைகளும் நிறைய. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கறி கொண்டுவருகிறார்கள், அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொன்னார்களா என்று தெரியவில்லையே எனக் கேட்டவர்களிடம், நீங்கள் பெயர் சொல்லிச் சாப்பிடுங்கள் என்றார்கள் நபி (ஸல்). முர்தபா போடும் பாயைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், முர்தபா ஆறிவிடும்.

கேள்வி: அலுவலக விருந்து கடலுணவுக் கடையில். அங்கே பன்றியும் உண்டு. நான் மீன் மட்டும் சாப்பிட்டால் தப்பா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மீனை அறுக்கவேண்டியதில்லை, தம்பி. சிக்கல் வாணலியில். ஐந்து நிமிடத்துக்கு முன் அதில் பன்றி இறைச்சி வதங்கியிருக்கலாம். அதே கரண்டி, அதே எண்ணெய். சைவ உணவு கேட்டாலும் இதே கதைதான்.

இந்தக் கேள்வி நமக்கு முன்பே நபித்தோழர் அபூ ஸஃலபா (ரலி) அவர்களுக்கு வந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் சட்டியில் பன்றி சமைக்கிறார்கள், பாத்திரத்தில் மது குடிக்கிறார்கள், அவற்றை நாங்கள் பயன்படுத்தலாமா என்று நபியிடம் கேட்டார். வேறு பாத்திரம் கிடைத்தால் அதை எடுங்கள், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள் என்பது பதில். சிங்கப்பூரில் வேறு பாத்திரத்துக்குப் பஞ்சமே இல்லை என்பது என் கருத்து.

கழுவுவதிலும் மத்ஹபுக்கு மத்ஹபு, அதாவது சட்டப்பிரிவுக்குச் சட்டப்பிரிவு, வேறுபாடு உண்டு. ஷாஃபிகளுக்குப் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். ஹனஃபிகளுக்கு அசுத்தம் போகக் கழுவினால் போதும். அந்தச் சலுகையை நண்டில் ஈடுகட்டிவிடுகிறார்கள்: ஹனஃபிகள் நண்டு சாப்பிடுவதில்லை, இறாலில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. மேசைக்கு மிளகாய் நண்டு வந்தால் ஷாஃபியான மரைக்காயர் நண்பர் கை நீட்டுவார், ஹனஃபியான ராவுத்தர் நண்பர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் சரிதான்.

விருந்தன்று மேசையில் போய்ச் சங்கடப்படாதீர்கள். கடையைப் பதிவு செய்வதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சான்றிதழ் உள்ள கடலுணவுக் கடைகளும் இங்கே உண்டு. அங்கே எல்லோரும் சாப்பிடலாம், யாரும் எதையும் இழக்கப்போவதில்லை.

கேள்வி: உணவு ஹலால்தான், ஆனால் மேலதிகாரி வெளியிலிருந்து பீர் வரவழைக்கிறார். எழுந்து போகவா? – தெம்பனிஸ் வாசகி

பதில்: மது பரிமாறும் விரிப்பில் அமரவேண்டாம் என்று நபிமொழி இருக்கிறது, அதை எளிதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதலில் அவரிடமே தனியாகச் சொல்லிப்பாருங்கள். சான்றிதழ் உள்ள கடை வெளி மதுவை உள்ளே விடாது என்பதும் உங்களுக்குத் துணை. முடியாவிட்டால் வேறு மேசைக்கு மாறுங்கள். அடுத்த வருடம் பகல் விருந்தாக வைக்கச் சொல்லுங்கள். பிற்பகலில் வேலை இருக்கும்போது பீர் கேட்க அவருக்கே தயக்கமாக இருக்கும்.

கேள்வி: நான் முஸ்லிம் இல்லை. உணவங்காடியில் முஸ்லிம் தோழி நாசி பிரியாணி சாப்பிட, எதிரே நான் பன்றி இறைச்சிச் சோறு சாப்பிட்டேன். மரியாதைக் குறைவா? – தோ பாயோ வாசகி

பதில்: இல்லவே இல்லை. நம் உணவங்காடிகளே அப்படி அமைந்தவைதான்: மேசை பொது, தட்டு தனி. தோழி உங்களோடு உட்கார்ந்ததிலேயே பதில் இருக்கிறது. உங்கள் கரண்டியால் அவர் பிரியாணியை மட்டும் ருசி பார்க்காதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஓர் உதவி செய்யலாம். 2021 செப்டம்பர் 1 முதல் ட்ரேயைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஹலாலுக்கு ஓர் அடுக்கு, மற்றவைக்கு இன்னோர் அடுக்கு என்று எழுதியிருப்பதை அவசரத்தில் பலர் படிப்பதில்லை. உங்கள் தட்டு ஹலால் அடுக்கில் போய் உட்கார்ந்தால், முஸ்லிம் கடைக்காரரின் தட்டுகளோடு கலந்துவிடும். பிரித்துப் பிரித்து அள்ளும் வேலை, பெரும்பாலும் வயதான துப்புரவாளர் தலையில். இரண்டு அடி தள்ளி வைத்தால் அவருக்கும் நிம்மதி, உங்கள் தோழிக்கும் நிம்மதி.

கேள்வி: பள்ளிவாசலில் பார்க்கும் ஒருவர், சான்றிதழ் இல்லாத கடையில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படம் எடுத்து வைத்திருக்கிறேன். குழுவில் போடலாமா? – பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: உட்காருவதற்கு முன் அவர் அடுப்படியில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பது படத்தில் தெரியாது. அழித்துவிடுங்கள். மனம் உறுத்தினால் அவரையே ஒருநாள் நல்ல ஹலால் கடைக்கு அழைத்துப்போங்கள், செலவு உங்களுடையது.