கிராணியார் போடும் தரவரிசை

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த மறுநாள் கிராணியார் வீட்டில் தங்கமாட்டார். அலோர் காஜா ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்துவிடுவார். சட்டைப்பையில் மடித்து மடித்துப் பழுப்பேறிய பத்திரிகைத் துண்டு ஒன்று. மாசிமகம் என்றால் செங் சன்னாசிமலைத் தண்ணீர்ப்பந்தலில் கிளை அலுவலகம். கடேக், கெமுனிங் என்று தோட்டத்தை விட்டு மக்கள் குடியேறிய தாமான்களில் இப்படி ஒருவர் இல்லாமல் இருக்கமாட்டார். ஆள் மாறும், பேச்சு மாறாது.

ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அவருக்குப் பால் நிறுக்கும் வேலை. வாளியில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, எவன் தண்ணீர் கலந்தான் என்று அங்கேயே சொல்லிவிடுவார். இப்போது அதே கண்ணை மருத்துவக் கல்லூரிகள்மேல் வைத்திருக்கிறார்.

“மாமா, பாப்பாவுக்கு எட்டு ஏ. மலாக்கா மணிப்பாலா, ஐ.எம்.யு.வா?”

“ஐ.எம்.யு. 1992. பினாங்கு மெடிக்கல் காலேஜ் 1996. மணிப்பால் 1997. ஏய்ம்ஸ்ட் 2001.” முதலில் வயதுப்படி நிறுத்திவைப்பார். பிறகு கலைப்பார். “மணிப்பால்ல அப்பல்லாம் பாதிப் படிப்பு கர்நாடகாவுல, மீதி மூவார், மலாக்காவுல. ரெண்டு நாட்டு நோயாளியையும் பாத்த பையன். பினாங்குக்காரன் பாதிய அயர்லாந்துல படிச்சான். குளிர்ல படிச்சா மறக்காது.”

“ஏய்ம்ஸ்ட்?”

“அது ம.இ.கா. கட்டுனது, நம்ம காலேஜ். பட்டியல்ல சேத்தா சொந்தக்காரனுக்கு மார்க் போட்ட மாதிரி ஆயிடும்லா.” அவர் தம்பி மகள் அங்கே சேர்ந்த வருஷம் மட்டும் இந்த நேர்மைக்கு விடுமுறை.

அந்தப் பத்திரிகைத் துண்டு, அரசாங்கத்தின் 2011 செதாரா தரநிலை. மொத்தம் ஆறு படி. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஐந்தாம் படியில் கூட்டமாக நிற்க, ஆறாம் படியில் ஈ காக்கை இல்லை. அரசாங்கம் இப்படிச் செய்தது அவருக்குப் பெரிய மனக்குறை. “ஐந்துலயே மேல் ஐந்து, கீழ் ஐந்து இருக்குய்யா! அத யாரு சொல்றது?”

வேறு யார் சொல்வார்? அவரிடம் சொந்த அளவுகோல் உண்டு.

“எத்தன பேர ஃபெயில் போடுறான்னு கேளு. அதுதான் தரம்.”

“எல்லாரும் பாசானா நல்லதுதானே மாமா?”

“எல்லாரையும் பாஸ் போட்டா அது காலேஜ் இல்ல, பிள்ளை பாத்துக்கிற ஆயக்கொட்டாய்.”

மணிப்பாலில் மகள் படிக்கும் அப்பாவிடம் மணிப்பால் ஒரு நூல் மேலே. ஐ.எம்.யு.க்காரரிடம் ஐ.எம்.யு. ஒரு நூல் மேலே. இருவரும் ஒரே மேசைக்கு வந்துவிட்டால் கிராணியாருக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும்.

பிள்ளைகளுக்கு இந்த ஒரு நூல் விவகாரம் தெரியாது. 2016 டிசம்பரிலிருந்து புதிதாக அரசாங்க மருத்துவமனைக்கு வருகிற டாக்டர் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒப்பந்த வேலைதான். எந்தக் காலேஜ் பிள்ளையானாலும் அதே வார்டு, அதே தூக்கமில்லாத இரவு.

போன மாதம் சர்க்கரை ஏறி கிராணியாரையே வார்டில் சேர்த்தார்கள். ரத்தம் எடுக்க ஒரு தமிழ்ப் பையன் வந்தான். வலி தெரியாமல் ஊசி இறங்கியது. கிராணியாருக்குப் பரம திருப்தி.

“எந்தக் காலேஜ், டாக்டர் தம்பி?”

“வோல்கோகிராட், அங்கிள். ரஷ்யா.”

கிராணியார் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

“அது நம்ம பட்டியல்லயே இல்லையே, தம்பி!”