கழிவுக் காயும் 808-ம்

குரங்கணிச் சரிவிலிருந்து இறங்கும் ஏலக்காய்க்குப் போடிச் சந்தையில் உயர்தரம் என்றால் ஒரே சட்டம்: பச்சை நிறம், 8 மில்லிமீட்டர் பருமன். வெடித்தது, வெளுத்தது, பழசு எல்லாம் கழிவு. பழைய மின்னணு இசைக்கருவிகளான அனலாக் சின்தசைசர்களின் பித்தர்கள் சந்தையில் சட்டம் தலைகீழ். கீறலும் துருவும் இருந்தால்தான் ‘ஒரிஜினல்’.

ரோலண்ட் டிஆர்-808 தாளப் பெட்டி 1980-இல் வந்தது. நிஜ டிரம் மாதிரி இல்லையே என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அதன் ‘உஸ்’ என்ற ஒலிக்குக் காரணம், தரத்தில் தேறாத டிரான்சிஸ்டர்கள். கம்பெனியே அவற்றைத் தேடி வாங்கியது. அவை கிடைப்பது நின்றதும் 1983-இல் 808-க்கு மங்களம். கழிவு தீர்ந்துபோய்க் கடையைச் சாத்தியவர்களைப் போடியில் காட்டுங்கள் பார்ப்போம்.

மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதே 808-உடன் டிபி-303, ஜூபிட்டர்-8 சின்தசைசர்களையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் 1982-இல் இசைத்தட்டாக்கினார். சீந்துவாரில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்ததும் ‘ஆசிட் ஹவுஸ் நடன இசைக்கு முன்னோடி’ என்று வெள்ளைக்காரர்கள் கொண்டாடினார்கள். உடனே நமக்கும் காது கேட்டது.

இப்போது நம்மூர்ப் பித்தர் ஒருவருக்குக் குரங்கணிக்கு மேலே ஸ்டுடியோ போட ஆசை. யமஹா சிஎஸ்-80 என்ற பழைய சின்தசைசர் வேண்டுமாம். எடை 80 கிலோவுக்கு மேல். வெயிலும் குளிரும் மாறினாலே சுருதி கலையும். மேலே ஏற்றலாம் என்றால், மலைமேல் டாப் ஸ்டேஷனிலிருந்து அந்தக் காலத்தில் தேயிலை இறக்கிய ரோப்வேயும் இன்று இல்லை. போட்டோவைப் பார்த்த ஜீப்காரர் கேட்டார்: “இம்புட்டுப் பழசை எதுக்குண்ணே மேல ஏத்தணும்? பழைய இரும்புக் கடை கீழதான இருக்கு?”