மஜந்தா தீர்ந்துவிட்டதாம்

மஜந்தா தீர்ந்துவிட்டதாம். நேற்று ராத்திரி பிரிண்டர் சொல்கிறது. நான் கேட்டது மாமனாரின் ரயில் டிக்கெட், கறுப்பு எழுத்தில். போனில் காட்டினால் போதும் என்று டி.டி.ஆரே வந்து சொன்னாலும் அவர் கேட்க மாட்டார். "கையில ஒரு பேப்பர் இருக்கட்டும் மாப்ளே."

டிராஃப்ட், நார்மல், பெஸ்ட் என்ற மூன்று அச்சுத் தரங்களில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்று உருப்படியாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். இருங்கள், முதலில் இந்த மஜந்தா.

எங்கள் வீட்டில் யார் மஜந்தாவில் அச்சடித்தார்கள்? ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, பையனின் ஹால் டிக்கெட், எல்லாமே கிரேஸ்கேல். அதை டிக் பண்ணும்போது நாலு காசு மிச்சம் பிடித்த பெருமை வேறு. ஆனால் பல இங்க்ஜெட்டுகள் சாம்பல் நிறத்தையே சியான், மஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் செய்கின்றன. கறுப்பு மை மட்டும் போதுமென்றால் அதற்குத் தனிக் கட்டம். 'அட்வான்ஸ்டு'க்குள் போய்த் தேட வேண்டும். அதைக் கண்டுபிடித்து டிக் பண்ணினாலும், பேப்பர் வகையில் யாராவது 'போட்டோ கிளாஸி' என்று விட்டுப் போயிருந்தால் தொலைந்தது. பளபளப்புத் தாளில் எழுத்துக்கான கறுப்பு மை சரியாகப் பிடிக்காதென்று, கறுப்பையே கலர்களைக் கலந்து தயாரிக்கும்.

சரி, ஒன்றுமே அச்சடிக்காமல் துணி போட்டு மூடி வைத்தால்? அப்போதும் குறையும். ஸ்விட்சைப் போட்டதும் ஒரு கரகர, ஒரு முனகல். ஹெட் கிளீனிங்காம். முனை அடைத்துக்கொள்ளாமலிருக்க நல்ல மையை உறிஞ்சி, அடியில் இருக்கும் பஞ்சில் கொட்டிக்கொள்கிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் அதற்கும் ஒரு எர்ரர் உண்டு. நான் காசு கொடுத்து வாங்கிய மஜந்தா, நான் ஒரு நாளும் பார்க்க முடியாத இடத்தில் தனியாக ஹோலி கொண்டாடுகிறது!

அது இல்லாமல் கறுப்பும் வராது என்று அடம் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் இல்லாததால் என் வீட்டில் சமைக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

பெஸ்ட்டா? ரயில் டிக்கெட்டுக்கு எதற்கு பெஸ்ட்? டிராஃப்டில் போட்டால் பி.என்.ஆரை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டும். நார்மலே போதும். நாலு வரி எழுதியாயிற்று.

இன்னும் 'லெட்டர்' சைஸுக்கு நான் வரவேயில்லை. வீட்டில் இருப்பது 210 × 297 மி.மீ. ஏ4. பிரிண்டரோ, நம் தெருக் கடையில் யாருமே கேட்டு வாங்காத 216 × 279 தாளை வை என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது.